கதையின் தீர்ப்பும் முகத்தின் சாட்சியும்: பாகிஸ்தான் தொலைக்காட்சி நாடகத்தில் குடும்பம்

குடும்பத்தைப் பொருளாகக் கொண்ட நாடகம் குடும்ப தர்மத்தை நிலைநிறுத்துகிறதா, அன்றி அதனை விசாரணைக்கு உட்படுத்துகிறதா? பாகிஸ்தானின் உருதுத் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றிச் சிந்தித்தவர்களுள் பெரும்பாலோர் இவ்வினாவின் ஏதேனும் ஒரு வடிவத்துக்கு விடை காண முயன்றிருக்கின்றனர். 1964-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் லாகூரில் பி.டி.வி. என்னும் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று முதல் வந்த அறுபது ஆண்டுகளில், வீட்டுக் கூடத்துக்குள் வாரந்தோறும் நுழைந்து, அங்கே அருகருகே அமர்ந்திருக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் அவர்களுடைய வாழ்க்கையையே எதிரில் நிறுத்திக் காட்டும் கலையாகத் தொடர்நாடகம் அந்நாட்டில் வளர்ந்தது.

இவ்வகை நாடகத்தின் இயல்பு ஒன்றை முதலிலேயே குறித்துக்கொள்வது நலம். ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே செல்லும் தொடர்களைப் போலன்றி, இது முடிவுடைய கலை. பி.டி.வி. காலத்தில் ஒரு கதை 13 வாரங்களில் முற்றுப்பெறுவது பெருவழக்காக இருந்தது. தனியார் அலைவரிசைகளின் காலத்தில் அது 25, 30 வாரங்களாக வளர்ந்தபோதிலும், கடைசி வாரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. முடிவு இருப்பதால் தீர்ப்பும் இருக்கிறது. எவர் தண்டிக்கப்பட்டார், எவர் மன்னிக்கப்பட்டார், வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வந்தாளா என்பவற்றைக் கொண்டே விமரிசகர்கள் நாடகத்தின் கொள்கையை அளந்து வந்தனர். அத்தீர்ப்பை நோக்கிக் கதை நடந்துசென்ற வாரங்களிலெல்லாம் நடிகரின் முகம் அளித்த சாட்சியம் இந்த அளவையில் போதிய இடம் பெறவில்லை என்று கருத இடமுண்டு.

அக்பரியும் அஸ்கரியும்

வினாவின் வேர் தொலைக்காட்சிக்கு நூறாண்டு முந்தையது. 1869-இல் டெபுடி நசீர் அகமது எழுதிய 'மிராத்-உல்-உரூஸ்' என்னும் நூல், மணமகளின் கண்ணாடி என்று பொருள்படும் பெயருடையது. தம் புதல்வியர் படிப்பதற்கென்றே அவர் அதனை எழுதினார். சகோதரர் இருவரை மணந்த சகோதரிகள் இருவரின் விருத்தாந்தம் அது. மூத்தவளான அக்பரி செல்லத்தால் கெட்டு, சிடுசிடுப்பும் பொறுப்பின்மையும் மிக்கவளாய்ப் புக்ககத்தில் அமைதியைக் குலைக்கிறாள். இளையவளான அஸ்கரி கல்வியும் சாமர்த்தியமும் உடையவளாய், வரவுசெலவைச் சீர்செய்து, திருட்டுப் புத்தியுள்ள வேலைக்காரியைக் கண்டுபிடித்து வெளியேற்றி, சரிந்த வீட்டை நிமிர்த்துகிறாள். அன்றைய வடமேற்கு மாகாண அரசு இந்நூலுக்கு 1,000 ரூபாய் பரிசளித்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இதனைப் படித்து வளர்ந்தனர். 2011-இல் ஹம் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு 'அக்பரி அஸ்கரி' என்றே பெயரிட்டபோது, அப்பெயர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வீடு ஒரு பாடசாலை, நாடகம் அதன் பாடப்புத்தகம் என்னும் கொள்கைக்கு இங்கேதான் பிறப்பிடம். பி.டி.வி.யில் இதனைக் கனிவும் நயமும் உடைய வடிவத்துக்குக் கொணர்ந்தவர் ஃபாத்திமா சுரையா பஜியா. ஹைதராபாத் தக்காணத்தில் 1930-இல் பிறந்து, தேசப் பிரிவினைக்குப் பின் கராச்சியில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த அவ்வம்மையார், ஏ.ஆர். காத்தூனின் நாவல்களைத் தழுவி 'ஷமா', 'அஃப்ஷான்' முதலிய நாடகங்களை எழுதினார். பாட்டியும், பெரியம்மையும், அத்தையும், வயது வந்த பெண்களும், அவர்களைச் சுற்றிக் கலியாணப் பேச்சும் நிறைந்த பெருங்கூட்டுக் குடும்பம் அவருடைய உலகம். பிறந்த ஊரை இழந்து வந்தவர்களுக்குப் பேச்சின் மரியாதையும் விருந்தோம்பும் முறையும் கையோடு கொண்டுவந்த ஆஸ்தியாக இருந்தமையால், அவற்றைக் காக்கும் பெட்டகமாகவே இந்நாடகங்கள் குடும்பத்தைக் கண்டன எனலாம்.

இக்கொள்கையின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அஸ்கரியின் சாமர்த்தியம் பலிப்பதற்குத் திருந்தக்கூடிய புக்ககம் ஒன்று வேண்டும். திருந்தாத வீட்டில் வாழ்க்கைப்பட்ட அஸ்கரிக்கு நசீர் அகமதுவின் நூலிலும் வழியில்லை. பஜியாவின் கூடத்திலும் அவளுக்கு ஆறுதல் கிடைக்குமே தவிர மாற்றுக் கிடைப்பது அரிது.

ஹசீனா மொயீனின் பெண்களும் பொற்காலம் என்னும் வாதமும்

இரண்டாவது நிலைப்பாடு, பி.டி.வி.யின் எழுபதுகளும் எண்பதுகளும் ஒரு பொற்காலம், அக்காலத்து நாடகம் பெண்ணுக்குச் சுயமரியாதையும் குடும்பத்துக்குச் சிரிப்பும் அளித்தது, பின் வந்தவை அதனைக் கெடுத்துவிட்டன என்பது. இதற்குப் பெரும் ஆதாரமாகக் காட்டப்படுபவர் ஹசீனா மொயீன். 1982-இல் வந்த 'அன்கஹீ'யில் ஷெஹ்னாஸ் ஷேக் நடித்த சனா, தந்தையற்ற குடும்பத்தைத் தாங்க அலுவலகம் செல்லும் பெண். வாய்த்துடுக்கும் அசட்டுத் துணிச்சலும் உடையவள். எனினும் கதை அதற்காக அவளைத் தண்டிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் வந்த 'தன்ஹாயியான்' பெற்றோரை விபத்தில் ஒருங்கே இழந்த சகோதரிகள் இருவர், மணமாகாத சிற்றன்னையின் வீட்டில் புதிய குடும்பம் ஒன்றை அமைத்துக்கொள்ளும் கதை. ஷெஹ்னாஸ் ஷேக் நடித்த ஸாரா, கைவிட்டுப்போன தகப்பன் வீட்டை மீட்டே தீருவது என்னும் வைராக்கியத்தில் தன்னையே தேய்த்துக்கொள்கிறாள். மரீனா கான் நடித்த சனியாவோ துக்கத்தைக் குறும்பால் கடக்கிறாள். சிற்றன்னையாக வந்த பதர் கலீலின் நடிப்பில், கணவனும் குழந்தையும் இல்லாத பெண்ணும் ஒரு வீட்டுக்கு நடுத்தூணாக நிற்கக்கூடும் என்பது பிரசங்கம் எதுவும் இன்றியே பெறப்பட்டது.

இவை யாவும் ஜியா-உல்-ஹக்கின் ஆட்சிக்காலத்தில் வந்தவை என்பது வியப்புக்குரியது. திரையில் தோன்றும் பெண்கள் தலையைத் துப்பட்டாவால் மூடவேண்டும் என்ற உத்தரவு அப்போதுதான் வந்தது. அதற்கு உடன்படாது மெஹ்தாப் சன்னா தொலைக்காட்சியை விட்டு விலகினார். கணவனும் மனைவியும் கையைத் தொட்டுக்கொள்ளவும் கூடாத நிலையில், அன்பு முழுவதும் உரையாடலிலும் பார்வையிலும் வந்து தங்கவேண்டியதாயிற்று. கட்டுப்பாடே கலைக்கு நுட்பம் தந்தது என்று இதனைக் கொண்டு வாதிப்பவர் உளர். அது முழுமையாக ஏற்கத்தக்கதன்று. நுட்பம் தந்தவர்கள் எழுத்தாளரும் நடிகரும். உத்தரவு தந்தது இடர்ப்பாடு ஒன்றே.

பொற்கால வாதத்துக்கு வலிய மறுப்பு அக்காலத்து நாடகங்களிலேயே கிடைக்கிறது. ஷௌகத் சித்திகியின் நாவலை ஒட்டி 1969-இலும் பின்னர் 1974-இலும் பி.டி.வி. தயாரித்த 'குதா கீ பஸ்தீ' என்னும் கதையில், ஏழை விதவை ஒருத்தியை மணப்பவன் அவள் மகள்மீது கண்வைத்தே மணக்கிறான். காப்பீட்டுப் பணத்துக்காக மனைவியை மெல்லக் கொல்லவும் செய்கிறான். அம்ஜத் இஸ்லாம் அம்ஜத் எழுதி 1979-இல் தொடங்கிய 'வாரிஸ்' நாடகத்தில், மெஹ்பூப் ஆலம் நடித்த சௌத்ரி ஹஷ்மத், அணைநீர் தன் நிலத்தை மூழ்கடிக்க வரும்போதும் அதிகாரத்தை விட்டு இறங்க மறுக்கும் பண்ணையார். அவருடைய வீட்டில் ரத்த உறவு என்பது வாரிசுரிமையின் மறுபெயர். கராச்சி நடுத்தர வர்க்கத்தின் சிரிப்பை மட்டும் நினைவில் நிறுத்திக்கொண்டு இவற்றை மறப்பது, ஞாபகம் செய்யும் தேர்வே அன்றிச் சரித்திரம் ஆகாது.

'ஹம்சஃபர்' எழுப்பிய ஆட்சேபம்

2002-இல் ஒளிபரப்பு ஒழுங்காணையமாகிய பெம்ரா அமைந்தபின் தனியார் அலைவரிசைகள் பெருகின. பி.டி.வி.யில் 'மார்வி' முதலியவற்றை இயக்கிய சுல்தானா சித்திகி 2005-இல் ஹம் தொலைக்காட்சியைத் தொடங்கினார். அதில் 2011 செப்டம்பர் முதல் 2012 மார்ச் வரை 23 வாரங்கள் ஓடிய 'ஹம்சஃபர்', குடும்ப நாடகத்தைப் பற்றிய விவாதத்தையே இரண்டாகப் பிளந்தது. ஃபர்ஹத் இஷ்தியாக்கின் நாவல். இயக்கியவர் சர்மத் கூசட். கராச்சிச் செல்வர் ஒருவர், தாம் நெடுநாள் பாராமுகமாக விட்டிருந்த தங்கை மரணப்படுக்கையில் கிடக்கும்போது, அவள் மகள் கிரதைத் தம் மகன் அஷருக்கு மணம் செய்விக்கிறார். அத்தை மகளை மணந்த அஷர் மெல்ல மெல்ல அவளை நேசிக்கவும் தொடங்குகிறான். மாமியார் ஃபரீதா பொறுக்கமாட்டாமல், மருமகளின் கற்பின்மீது பழி விழுமாறு ஒரு காட்சியை ஜோடிக்கிறாள். அஷர் நம்பிவிடுகிறான். கருவுற்றிருந்த கிரத் இரவில் வெளியேற்றப்படுகிறாள். சில ஆண்டுகள் கழித்து, இருதயத்தில் துளையுடன் பிறந்த பெண் குழந்தையோடு திரும்புகிறாள். இறுதியில் உண்மை வெளிப்பட, தம்பதியர் இணைகின்றனர். ஃபரீதா சித்தம் கலங்குகிறாள்.

பெண்ணிய நோக்குடைய விமரிசகர்கள் இதனை மூன்று வகையில் ஆட்சேபித்தனர். சகித்தவளுக்கே வெகுமதி என்பது ஒன்று. மாமியாரும், அஷரை விரும்பிய சாராவும் தண்டனை பெற, விசாரியாமல் மனைவியைத் துரத்திய கணவன் ஒரு மன்னிப்போடு தப்புகிறான் என்பது மற்றொன்று. வீட்டுக்கடங்கிய நல்லவள், நாகரிக உடையணிந்த தீயவள் என்று பெண்களை இரு கூறாக்குவது மூன்றாவது. அடுத்த ஆண்டு வந்த 'ஜிந்தகி குல்ஜார் ஹை' மீதும் இதுவே கூறப்பட்டது. ஆண் மகவில்லை என்று கணவன் மறுமணம் செய்துகொள்ள, ஆசிரியைப் பணியால் மூன்று பெண்களை வளர்க்கும் தாயின் கதையாகத் தொடங்கிய அந்நாடகம், செல்வர் வீட்டுப் பெண்களைச் சித்தரிக்கும்போது அதே தராசை எடுத்துக்கொண்டது என்பதை மறுப்பது கடினம்.

சட்டத்தைச் சார்ந்த ஆட்சேபம் ஒன்றும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் முஸ்லிம் குடும்பச் சட்ட ஆணையின்படி, தலாக் சொன்ன கணவன் உள்ளாட்சி மன்றத் தலைவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். 90 நாள் கழியாமல் அது செல்லாது. மனைவி இருக்கையில் செய்யும் மறுமணத்துக்கும் நடுவர் குழுவின் அனுமதி வேண்டும். நாடகங்களிலோ கோபத்தில் மும்முறை ஒரு சொல் உச்சரிக்கப்பட்ட கணமே பெண் பெட்டியுடன் வாசலில் நிற்கிறாள். நாடகங்கள் சட்ட அறியாமையைப் பரப்புகின்றன என்று இதனைக் கண்டிப்பது நியாயமே. ஆயினும் மார்க்க அறிஞர் பலர் வாய்மொழித் தலாக்கைச் செல்லுபடியாகக் கருதுவதனால், சட்டப் புத்தகத்துக்கும் சமூக வழக்கத்துக்கும் இடையிலுள்ள அகழியிலேயே மெய்யான பெண்கள் பலர் விழுகின்றனர் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். அவ்வகழியைக் காட்டுவது நாடகத்தின் பிழையாகாது. அகழி என்று அதனைச் சொல்லாமல் விடுவதே பிழை.

டைஜஸ்ட் படித்த பெண்கள்

மேற்கூறிய ஆட்சேபங்களுக்கு எதிர்நிலையில் நிற்பவர்கள், இந்நாடகங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கின்றனர். ஃபர்ஹத் இஷ்தியாக், உமேரா அகமது ஆகியோரின் எழுத்து வளர்ந்த நிலம், பெண்களே எழுதிப் பெண்களே படிக்கும் 'கவாத்தீன்', 'ஷுஆ' போன்ற மாத இதழ்கள். டைஜஸ்ட் என்பது அவற்றின் வழக்குப் பெயர். இவ்விதழ்களின் இல்லறச் சித்திரங்களை மானிடவியலாளர் கம்ரான் அஸ்தர் அலி ஆராய்ந்திருக்கிறார். உருதுத் தொடர்நாடகத்தைப் பெண்களுக்கேயுரிய ஒரு கலாசார வெளியாக ஷூசி கோத்தாரி 2005-இல் எழுதிய கட்டுரையில் நோக்கினார். அமெரிக்கத் தொடர்களைப் பற்றி டானியா மாட்லெஸ்கி 1982-இலும், அவற்றின் ஐரோப்பிய ரசிகைகளைப் பற்றி இயன் ஆங் 1985-இலும் எழுதிய நூல்கள் இந்நோக்குக்கு வழியமைத்தவை. கண்ணீர்க்கதையைப் பார்ப்பவள் ஏமாந்தவள் அல்லள், தன் வாழ்வில் சொல்ல இயலாததை அக்கதையின் வாயிலாகப் பேசிக்கொள்பவள் என்பது இவர்களுடைய கருத்தின் சாரம்.

இதில் உண்மையுண்டு. ஃபரீதாவைப் பற்றிப் பேசும் சாக்கில் ஒரு மருமகள் தன் மாமியாரைப் பற்றிப் பேசிவிட முடியும். ஆனால் பேசிவிட்டதால் வீடு மாறிற்றா என்பதற்கு இந்நோக்கு விடை தருவதில்லை. நாடகத்தைப் பார்த்துவிட்டு அழுது தீர்ப்பதே சகிப்பை இன்னும் ஓராண்டு நீட்டிக்கும் உபாயமாகவும் அமையலாமல்லவா?

கண்காணிப்பின் குரல்

ஒழுக்கத்தின் பெயரால் எழுந்த நிலைப்பாட்டைச் சுருங்கச் சொன்னால் போதும். 2020-இல் மைத்துனி, மைத்துனன் உறவுகளைத் தகாத முறையில் காட்டியதாக 'ஜலன்' தடைசெய்யப்பட்டது. 'இஷ்கியா', 'ப்யார் கே சத்கே' ஆகியவற்றின் மறு ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபரில், தழுவுதல் முதலிய காட்சிகள் வேண்டாம் என்று பெம்ரா அறிவுறுத்தியது. குடும்பம் கூடியிருந்து பார்க்கும் கலை என்ற வகையில் இவர்களுடைய கவலை முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், 2016-இல் மாற்றாந்தந்தையின் பாலியல் கொடுமையைக் கண்டித்து எழுந்த 'உடாரி'க்கும் நோட்டீசு அனுப்பப்பட்டதை நோக்கும்போது, குற்றத்தைக் காட்டுவதற்கும் குற்றம் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிலைப்பாடு போற்றுவதாகத் தோன்றவில்லை. கணவன் மனைவியை அறைவது அந்தி வேளையில் தடையின்றி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

நடிப்பின் சாட்சியம்

இதுகாறும் கண்டவர்கள் யாவரும் கதையையே படித்தனர். ஆனால் தொலைக்காட்சி நாடகம் படிக்கப்படுவதன்று; முகங்களால் நிகழ்த்தப்படுவது. பி.டி.வி.யின் முதல் தலைமுறை நடிகர்கள் பலர் வானொலியிலும் மேடையிலும் பயின்றவர்கள். உச்சரிப்புச் சுத்தமும், ஒத்திகையும், பல காமிராக்களின் முன் நீண்ட காட்சியை இடையறாது நடிக்கும் மனப்பாடமும் அவர்களுடைய மூலதனம். அவர்களிடம் குடும்ப உறவு பெரும்பாலும் குரலில் இருந்தது: பெரியவரிடம் ஒரு சுருதி, சமவயதினரிடம் வேறொன்று. தனியார் காலத்தில் ஒரே காமிரா நெருங்கி வந்து முகத்தில் நின்றபோது, உறவு இமையசைவில் வந்து குடிகொண்டது. கண்ணீர்நாடகத்தில் பேச்சால் இயலாததை மௌனமும் அங்க அசைவும் மொழிகின்றன என்று பீட்டர் புரூக்ஸ் 1976-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மெய்ப்பாடு என்று தனி இயலே வகுத்த தொல்காப்பியத்தைப் பயின்றவர்க்கு அவ்விளக்கம் அந்நியமாகப் படாது.

'ஹம்சஃபர்' நாடகத்தையே மறுமுறை நோக்கலாம். அதீகா ஓதோ நடித்த ஃபரீதா குரலை உயர்த்தாத மாமியார். மகன் முன்னிலையில் மருமகளிடம் அவள் காட்டும் கனிவில் ஒரு குறையும் காண இயலாது. அக்கனிவின் சீரான தன்மையே பார்ப்பவருக்கு அச்சம் தருவது. அவளைத் தீயவள் என்று கதை தண்டித்தாலும், கணவனின் தங்கை குடும்பத்தைத் தன் தலைமீது ஏற்றிவைத்தபோது ஒரு வார்த்தை கேட்கப்படாத மனைவியின் அவமானமும் அம்முகத்தில் தங்கியிருக்கிறது. மஹிரா கான் நடித்த கிரத் குழந்தையோடு திரும்பி வரும் காட்சிகள் இன்னும் குறிப்பிடத்தக்கவை. அவள் கணவனிடம் நியாயம் கேட்கவோ கெஞ்சவோ வரவில்லை. மகளின் சிகிச்சைக்குத் தகப்பனின் கடமையைக் கேட்க வருகிறாள். முற்பகுதியில் தயங்கித் தாழ்ந்த குரல் இங்கே ஈரம் வற்றி, கணக்குத் தீர்க்க வந்தவளின் குரலாக நிற்கிறது. கடைசி வாரம் எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்கிறது; அதற்கு முந்தைய வாரங்களின் முகம் அந்த மன்னிப்புக்கு எளிதில் இணங்குவதாகத் தெரியவில்லை.

2012-இன் 'துர்-ஏ-ஷெஹ்வார்' இம்முரணை அமைப்பாகவே ஆக்கிக்கொண்டது. தன் மணவாழ்வில் நொந்து பிறந்தகம் வந்த மகள், பெற்றோரின் தாம்பத்தியம் மாசற்றது என்று நம்பி அதைக் கண்டு ஏங்குகிறாள். தாயோ, தன் இளமையில் கணவன் வீட்டில் பட்ட பாட்டை மெல்ல எடுத்துரைக்கிறாள். இளமையில் சனம் பலோச், முதுமையில் சமினா பீர்ஜாதா என்று ஒரே பெண்ணை இருவர் நடித்தனர். பொறுத்தவள் வென்றாள் என்பது கதையின் மேற்பொருள்; சப்ர் என்னும் பொறுமையைப் போதிக்கும் நாடகம் என்று இது பாராட்டவும் பட்டது, கண்டிக்கவும் பட்டது. ஆனால் சனம் பலோச்சின் முகத்தில் ஒவ்வொரு புண்சொல்லுக்கும் ஒரு பதில் எழுந்து அடங்குவதைப் பார்த்தபின், சமினா பீர்ஜாதாவின் முகத்தில் அவ்வெழுச்சியே இல்லாத அமைதியைக் காணும் ரசிகர், இடையில் தொலைந்தது என்ன என்று கேட்காமல் இருத்தல் அரிது. வெற்றி என்று கதை கூறும் அமைதியை இழப்பு என்று கொள்ளவும் நடிப்பு இடம் தருகிறது.

எழுத்தாளர் பீ குல், இயக்குநர் காஷிஃப் நிசார் ஆகியோரின் நாடகங்களில் சொல்லே பின்வாங்கி நடிப்புக்கு வழிவிடுகிறது. 'டர் சீ ஜாத்தீ ஹை சிலா'வில் யும்னா ஜைதி நடித்த சிலா அதிகம் பேசாதவள். தோள்களை உள்ளொடுக்கி, பார்வையைத் தாழ்த்தி, தன் வீட்டிலேயே தான் இருப்பதற்கு மன்னிப்புக் கேட்பவள்போல் நடமாடுகிறாள். அவளை வதைப்பவன் வெளியான் அல்லன்; எல்லாரும் மாமூ என்று கொண்டாடும் நெருங்கிய உறவினன். அப்பாத்திரத்தை நோமான் இஜாஸ் கொடூரன்போல் நடிக்காமல், வீட்டைக் கலகலப்பாக்கும் இன்சொல்லனாக நடித்ததில்தான் நாடகத்தின் கண்டனம் முழுவதும் இருக்கிறது. உண்மை தெரிந்தும் வாய் திறக்க முடியாத தாயாக வந்தவர் சமன் அன்சாரி. இளிவரல் என்று நம் இலக்கணத்தார் வகுத்த மெய்ப்பாட்டுக்கு, குற்றமற்றவள் சுமக்கும் அவமானத்துக்கு, இதைவிடச் சிறந்த காட்சி கிடைப்பது எளிதன்று.

2021-இல் அதே எழுத்தாளரும் இயக்குநரும் தந்த 'ரகீப் சே' மேலும் சிக்கலானது. கொடிய கணவனிடமிருந்து தப்பிய சகீனா, தன் மகளுடன், முன்பு தன்னை நேசித்த மக்சூதின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவரது மனைவி ஹாஜ்ரா அவளை வரவேற்கிறாள். வரவேற்பது மட்டுமா, தன் கணவன் இத்தனை ஆண்டும் மனத்தில் வைத்திருந்த பெண்ணைக் காணும் ஆவலோடு உபசரிக்கிறாள். எழுத்தில் படித்தால் இது பதிவிரதா தர்மத்தின் உச்சம் என்றே தோன்றும். சானியா சயீத் நடிக்கும்போதோ, அந்த உபசாரத்தில் பக்தியும் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. தனக்குக் கிட்டாதது எத்தகையதென்று அளந்து பார்க்கும் ஒருத்தியின் கண் அது. சகீனாவாக நடித்த பாடகி ஹதீகா கியானிக்கு அதுவே முதல் நாடகம்; மேடையில் பழுத்த நடிகையின் எதிரில் அவரது தயக்கம் அடைக்கலம் புகுந்தவளின் தயக்கத்தோடு ஒன்றிப்போயிற்று.

எனினும் நடிப்பு எப்போதும் கதையின் தீர்ப்பை எதிர்த்தே சாட்சி சொல்லும் என்று கொள்வது மிகை. 2019-இல் தொடங்கி, 2020 ஜனவரி 25 அன்று திரையரங்குகளிலும் காட்டப்பட்டு முடிந்த 'மேரே பாஸ் தும் ஹோ' இதற்கு நேர் உதாரணம். கணவனையும் மகனையும் விட்டுச் செல்வர் ஒருவரோடு போன மனைவியின் கதையில், ஹுமாயூன் சயீத் நடித்த கணவனின் உடைந்த துயரம் எழுத்தாளரின் கண்டனத்துக்கு நூறு மடங்கு வலுவூட்டியது. அவள் ஏன் போனாள் என்பதை உணர்த்த அயேஸா கானுக்கு எழுத்து தந்த இடம் குறைவு. சாட்சிக்கூண்டில் ஒருவரை மட்டும் ஏற்றிவைத்தால் சாட்சியம் தீர்ப்புக்கு அடிமையாகிவிடும்.

மேலும், நடிகரின் வேலையைப் பாட்டு அபகரித்துக்கொள்வதும் உண்டு. கலங்கிய முகம் ஒன்று தோன்றியவுடன் தலைப்புப் பாடல் ஒலிக்கும் வழக்கம் 'ஹம்சஃபரு'க்குப் பின் வேரூன்றியது. குர்ரத்துலைன் பலோச் பாடிய அதன் கஜல் நசீர் துராபி இயற்றியது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்த துயரத்தில் எழுந்தது என்று கூறப்படுகிறது. ஒரு தேசம் பிளவுண்டதற்கான புலம்பலைத் தம்பதியர் பிரிவின் புலம்பலாகவே மக்கள் கேட்டு உருகினர். அந்நாட்டில் குடும்பக் கதை எத்தனை பாரங்களைச் சுமக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

இன்னும் தீராதவை

இந்நிலைப்பாடுகளுள் எதுவும் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. எதுவும் தனித்து நின்று போதுவதும் அன்று. முடிவைக் கொண்டு நாடகத்தை அளப்பவர்கள் சுட்டிய குறைகள் பெரும்பாலும் மெய்யானவை. ஆயினும் நடிப்பைக் கணக்கில் கொள்ளும்போது அவர்களுடைய முடிவுகள் சற்றுத் தளரவேண்டியிருக்கிறது. எவ்வளவு தளரலாம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஹாஜ்ராவின் கண்ணில் ஆராய்ச்சியைக் காண்பது பயின்ற ரசிகரின் பழக்கமாகவும், சிந்துவின் சிற்றூரில் மாமியாரோடு அமர்ந்து பார்ப்பவள் அதில் பொறுமையை மட்டுமே காண்பவளாகவும் இருக்கலாம், மறுதலையாகவும் இருக்கலாம். தாய்களைப் பற்றியும் மாமியார்களைப் பற்றியும் எழுதப்பட்ட அளவுக்கு, நாடகத்துத் தந்தையரைப் பற்றி எழுதப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

2024-இல் வந்த 'கபீ மே கபீ தும்' இவ்விரண்டு வினாக்களையும் ஒருங்கே எழுப்புகிறது. மணநாளன்று மூத்தவனால் கைவிடப்பட்ட ஷர்ஜீனாவை, உதவாக்கரை என்று வீட்டாரால் இகழப்படும் இளையவன் முஸ்தஃபா மணக்கிறான். ஹானியா ஆமிரும் ஃபஹத் முஸ்தஃபாவும் நடித்த அத்தம்பதியர், பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறிச் சிறிய வாடகை வீட்டில் தம் வாழ்வைத் தொடங்குகின்றனர். பெண் தனியாகத் துரத்தப்படாமல், கணவனும் கூடவே படியிறங்கும் இவ்வெளியேற்றம் கூட்டுக் குடும்பத்தின்மீது சொல்லப்பட்ட தீர்ப்பா, அன்றிப் புதியதோர் இல்லற இலட்சியமா என்பது இனித்தான் தெளியவேண்டும். 'ஹம்சஃபரை' எழுதிய ஃபர்ஹத் இஷ்தியாக்கே இதனையும் எழுதினார். அவ்வீட்டில் மூத்த மகனையே மெச்சி இளையவனைச் சிறுமைப்படுத்தும் தந்தையாக வருபவர், 1982-இல் 'அன்கஹீ'யில் இளைஞராக நடித்த ஜாவேத் ஷேக். அந்த முகத்தின் இளமையை அறிந்து, அதனோடு சேர்ந்தே முதுமையடைந்த ரசிகர்கள், முஸ்தஃபா படியிறங்கும்போது எவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?